இழுப்பா, இதயமா? நெஞ்சுக்குள் ஸ்கேன் நுழைந்த கதை

எங்கள் பெரியம்மாவுக்கு இழுப்பு உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் விறகடுப்பில் இட்லி அவித்து விற்றவர். பீடி, சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனால் நுரையீரல் என்னவோ பீடி குடித்தவருடையது மாதிரி ஆகிவிட்டது. சிஓபிடின்னு பேர் போட்டு இன்ஹேலர் கொடுத்திருந்தாங்க. தமிழில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். வீட்டில் அதற்குப் பேர் 'இழுப்பு', அவ்வளவுதான்.

2016-இல் ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை ராத்திரியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு தடவையும் நெபுலைசர் வைத்தார்கள், ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். கொஞ்சம் தேவலை என்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த பிறகும் அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். மூன்றாவது தடவை வேறொரு ஆஸ்பத்திரி. அங்கே ட்யூட்டியில் இருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்கேன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். வயிற்றில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். நெஞ்சில் வைத்தார். முன்பக்கம் நாலு இடம், பக்கவாட்டில் நாலு இடம். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரையை என் பக்கம் திருப்பி, "இது வெறும் இழுப்பு இல்ல சார். நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. ஹார்ட்டுதான் சரியா வேலை செய்யல" என்றார். நீர் பிரிய ஊசி போட்டார்கள். விடியும்போது பெரியம்மா காபி கேட்டார்.

நான் மருத்துவன் இல்லை. பழைய கதைகளைத் தோண்டுகிற வியாதிதான் எனக்கு. அன்றைக்கு ராத்திரி அந்தத் திரையில் பார்த்த கோடுகள் மனசை விட்டுப் போகவில்லை. நெஞ்சில் ஸ்கேன் வைக்கலாம் என்று யார் முதலில் யோசித்தார்கள்? தோண்டினால் கதை வியன்னா, பாரிஸ், குதிரை லாயம் என்று எங்கெங்கோ போகிறது.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடலாம். மூச்சு வாங்குகிறது என்று ஒருத்தர் வருகிறார். காரணம் நுரையீரலாக இருக்கலாம். குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் இதயமாக இருக்கலாம். ஹார்ட் ஃபெயிலியர் என்றதும் இதயம் நின்றுவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள், அப்படியில்லை. இடது பக்க இதயம் வருகிற ரத்தத்தை முழுசாகத் தள்ள முடியாமல் திணறுகிறது. அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஏறி, அங்கிருந்து நீர் கசிந்து நுரையீரலின் திசுக்களில் ஊறுகிறது. நீர் ஊறினாலும் 'ஙொய்' என்று விசில் சத்தம் வரும், குழாய் சுருங்கினாலும் அதே சத்தம் வரும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். வைத்தியம் மட்டும் ஒரே மாதிரி இல்லை. ஒருவருக்குக் குழாயை விரிக்கிற மருந்து, இன்னொருவருக்கு உடம்பில் இருக்கிற நீரை இறைக்கிற மருந்து. மாற்றிக் கொடுத்தால் குழாயை விரிக்கிற மருந்து ஏற்கெனவே தள்ளாடுகிற இதயத்தை இன்னும் வேகமாக ஓடவைக்கும். நீர் பிரிய வேண்டிய அவசியமே இல்லாதவருக்கு அந்த ஊசி போட்டால் ரத்த அழுத்தம் இறங்கிச் சோர்ந்துபோவார்.

இந்த இரண்டையும் காதால் பிரிக்க முயற்சித்த கதை ரொம்பப் பழசு. 1761-இல் வியன்னாவில் லியோபோல்ட் ஆவன்ப்ருக்கர் என்ற வைத்தியர் லத்தீனில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். நெஞ்சை விரலால் தட்டிப் பார், உள்ளே நீர் இருந்தால் மந்தமாகக் கேட்கும், காற்று இருந்தால் கணீரென்று கேட்கும் என்பதுதான் விஷயம். அவர் ஒரு சத்திரக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி ஒயின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழக்கத்திலிருந்துதான் இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை :-) ஆனால் அந்தக் கால டாக்டர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 1808-இல், நெப்போலியனின் வைத்தியரான கோர்விஸார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இடையில் 47 வருஷம். மொழிபெயர்ப்பு வந்த அடுத்த வருஷம் ஆவன்ப்ருக்கர் செத்துப்போனார்.

அந்த கோர்விஸாரிடம் படித்தவர்தான் ரெனே லென்னெக். 1816-இல் பாரிஸ் நெக்கர் ஆஸ்பத்திரியில் ஒரு இளம்பெண்ணின் நெஞ்சில் நேரடியாகக் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கிக் கேட்டாரே, அவர். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் செய்த இன்னொரு வேலையைத்தான் அதிகம் பேசுவதில்லை. உயிரோடு இருக்கும்போது கேட்ட சத்தத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆள் இறந்த பிறகு உடலைத் திறந்து, அந்தச் சத்தம் எங்கே இருந்து வந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். 1819-இல் வந்த அவருடைய புத்தகத்தில் காற்று மாட்டி உப்பிப்போன நுரையீரலும் இருக்கிறது, நீர் ஊறிய நுரையீரலும் இருக்கிறது. அதாவது என் பெரியம்மாவுக்கு இருந்த இரண்டு வியாதியையுமே ஒரே மனுஷன் ஒரே புத்தகத்தில் விவரித்திருக்கிறார். காசநோய் வந்து 1826-இல் 45 வயசில் போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் எக்ஸ்ரே வந்தது. 1930-களில் பீட்டர் கெர்லி என்ற எக்ஸ்ரே நிபுணர் நுரையீரல் படத்தில் மெல்லிய கோடுகளைக் கவனித்து ஏ, பி என்று பெயர் வைத்தார். நுரையீரலின் சின்னச் சின்ன அறைகளுக்கு நடுவே இருக்கிற தடுப்புகள் நீர் ஊறித் தடிப்பதால் வருகிற கோடுகள். அருமையான அடையாளம்தான். ஆனால் மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கிறவரைப் படுக்கையிலேயே எடுக்கிற எக்ஸ்ரே பெரும்பாலும் மங்கலாகத்தான் வரும். சிஓபிடி-காரருக்கு நுரையீரல் உப்பி, படமே உருமாறி இருக்கும். அதில் மெல்லிய கோட்டைத் தேடுவது தூசி படிந்த கண்ணாடியில் முடியைத் தேடுகிற மாதிரி.

அல்ட்ராசவுண்ட் எங்கிருந்து வந்தது? கப்பல் பட்டறையிலிருந்தும் பாய்லர் ஆலையிலிருந்தும் வந்தது என்று சொன்னால் தப்பில்லை. இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த கருவி அது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரும் 1953-இல் அப்படி ஒரு கருவியை இரவல் வாங்கி இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். இன்றைக்கு 'எக்கோ' எடுக்கிறோமே, அதன் தாத்தா. ஹெர்ட்ஸின் அப்பா நோபல் பரிசு வாங்கிய குஸ்தாவ் ஹெர்ட்ஸ். சீமென்ஸில் வேலை பார்த்தவர் என்பதால் இரவல் கேட்பதில் பையனுக்குச் சிரமம் இருக்கவில்லை. கிளாஸ்கோவில் இயான் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் 1955-இல் அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு பாய்லர் ஆலைக்கே போய் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் ஆலையில் தயாராக இருந்ததாம். 1958-இல் அவருடைய கட்டுரை வந்தது. வயிறு, கருப்பை, இதயம் எல்லாம் ஸ்கேனுக்குள் வந்துவிட்டன.

நுரையீரல் மட்டும் வரவில்லை. அதற்குச் சரியான காரணமும் இருந்தது. காற்றும் சதையும் சந்திக்கிற இடத்தில் அல்ட்ராசவுண்ட் அலை கிட்டத்தட்ட முழுசாகத் திருப்பி அடிக்கப்படும், உள்ளே போகாது. ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் பசை தடவுகிறார்களே, நடுவில் மயிரிழைக் காற்றுகூட இருக்கக்கூடாது என்றுதான். நுரையீரலோ காற்று நிரம்பிய பை. அதில் போய் ஸ்கேனாவது, ஒன்றாவது? பெரிய பெரிய பாடப்புத்தகங்களே நுரையீரலுக்கு இது உதவாது என்று எழுதிவைத்திருந்தன. திரையில் தெரிவதெல்லாம் பொய் பிம்பம். கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிட வேண்டிய குப்பை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். குப்பையைக் கிளறியவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். 1982-இல் அமெரிக்காவில் ஒருவரின் கல்லீரலில் வேட்டைத் துப்பாக்கிக் குண்டுகள் தங்கியிருந்தன. ஸ்கேனில் ஒவ்வொரு குண்டுக்கும் கீழே வால்நட்சத்திரம் மாதிரி ஒரு வெளிச்ச வால். ஜிஸ்கின் குழுவினர் அதற்கு 'வால்நட்சத்திர வால்' என்றே பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். 1986-இல் ராண்டனென் என்ற கால்நடை மருத்துவர் குதிரைகளின் நெஞ்சை ஸ்கேன் செய்தபோது, மூச்சு விடும்போது நுரையீரலின் மேல்தோல் நெஞ்சுச் சுவரோடு உரசி வழுக்குவதைப் பார்த்தார். நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்துவிட்டால் அந்த வழுக்கல் காணாமல் போகிறது என்றும் சொன்னார். மனுஷ டாக்டர்களுக்கு முன்னால் குதிரை டாக்டர் முந்திக்கொண்டார்!

அப்புறம்தான் நம் கதாநாயகர் வருகிறார். டேனியல் லிக்டென்ஸ்டைன். பாரிஸை ஒட்டிய புலோன் பகுதியில் ஆம்ப்ருவாஸ் பாரே ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1989 முதல் இதே வேலையாக இருந்தவர். எக்ஸ்ரே துறையின் சொத்து என்று கருதப்பட்ட ஸ்கேன் மெஷினை ஐசியு டாக்டர் ஒருவர் கையில் எடுத்து, அதுவும் நுரையீரலில் வைத்தால் எப்படியிருக்கும்? அன்றைக்கு அது கிறுக்குத்தனம். 1992-இல் ஐசியு ஸ்கேன் பற்றிப் பிரெஞ்சில் புத்தகமே போட்டுவிட்டார். அதற்குப் பின்னாலும் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப எழுதித்தான் மற்றவர்களை நம்பவைக்க வேண்டியிருந்தது. அவர் நம்பியிருந்ததோ சக்கரத்தில் ஓடுகிற, சாதாரண கறுப்பு வெள்ளைக் கருவி. டாப்ளர், கலர் ஒன்றும் வேண்டாம் என்பதில் கடைசிவரை பிடிவாதம்.

அவர் கண்டது இதுதான். காற்று நிறைந்த நுரையீரலில் அலை மேல்தோலில் பட்டுத் திரும்பி, மறுபடி கருவியில் பட்டு, மறுபடி தோலுக்குப் போய்... எதிரெதிர் கண்ணாடி வைத்த சலூனில் நம் முகம் வரிசையாகத் தெரியுமே, அந்த மாதிரி, திரையில் குறுக்குக் கோடுகள் சம இடைவெளியில் அடுக்கடுக்காகத் தெரியும். இவை ஏ-கோடுகள். நுரையீரலின் தடுப்புகளில் நீர் ஊறிவிட்டால் அங்கே காற்றும் நீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அலை அந்த இடுக்கில் மாட்டி எதிரொலித்துக்கொண்டே இருக்கும். விளைவு, மேல்தோலிலிருந்து திரையின் அடி வரைக்கும் நேராக இறங்கும் வெளிச்சக் கோடுகள். மூச்சோடு சேர்ந்து அவையும் அசையும், போகிற வழியில் ஏ-கோடுகளை அழித்துவிடும். இவை பி-கோடுகள். குண்டடிபட்ட கல்லீரலில் பார்த்தார்களே, அந்த வாலின் உறவுக்காரர். ராத்திரி லாரியின் ஹெட்லைட்டில் மழை தெரியுமே, அப்படித்தான் எனக்கு அந்தத் திரை தெரிந்தது.

1997-இல் லிக்டென்ஸ்டைன் குழு 250 ஐசியு நோயாளிகளில் இந்தக் கோடுகளை எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டது. சில பேருக்கு சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். கோடுகளுக்கு நடுவே சுமார் 7 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் தடுப்புகள் தடித்திருக்கின்றன என்று அர்த்தம். எக்ஸ்ரேயில் கெர்லி பார்த்த அதே தடுப்புகள். அறுபது வருஷம் கழித்து வேறொரு கருவியில் திரும்ப வந்திருக்கின்றன.

அடுத்த வருஷம், 1998-இல், மெஸியேருடன் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் நம் விஷயத்துக்கு நேரடியாக வருவது. மூச்சு முட்டி வந்த 66 பேர். அதில் 40 பேருக்கு நுரையீரலில் நீர், 26 பேருக்கு சிஓபிடி. கூடவே நெஞ்சில் பிரச்சினை இல்லாத 80 பேர். ஸ்கேன் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. நீர் கோத்த 40 பேருக்கும் நெஞ்சு முழுக்க வால்கள் தெரிந்தன. சிஓபிடி-காரர்கள் 26 பேரில் 24 பேருக்கு அப்படி இல்லை. நல்ல நுரையீரல் 80-இல் 79-க்கு இல்லை. ஐசியு வாசலில் டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு, ஒரு நிமிஷத்தில், கதிர்வீச்சு இல்லாமல், படுக்கை பக்கத்திலேயே பதில். இப்படி ஒன்று வந்தவுடன் உலகமே ஓடிவந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டாமோ? ஆவன்ப்ருக்கர் அளவுக்கு 47 வருஷம் ஆகவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம்.

அந்தச் சமயத்தில் எல்லோர் கண்ணும் ரத்தப் பரிசோதனை மேல் இருந்தது. திணறுகிற இதயம் சுரக்கும் பிஎன்பி என்ற பொருளை அளக்கிற சோதனை. 2002-இல் 1586 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு அதைப் பிரபலமாக்கியது. நல்ல சோதனைதான், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோய் முற்றினால் வலது பக்க இதயத்துக்குச் சுமை கூடி, இந்த பிஎன்பி அதனாலும் ஏறும். அதனால் நடுவாந்தரமான எண் வந்தால் மறுபடி பழைய குழப்பம்தான். எக்கோ எடுக்கலாமே என்றால், உப்பிய நுரையீரல் இதயத்தை மூடிக்கொண்டு படத்தைக் கெடுக்கும். மற்ற வழிகளையெல்லாம் காற்று மறைக்கிற இந்த நோயாளிகளிடம், காற்றில் பட்டுத் திரும்பி வருகிற பிம்பத்தையே துப்பாக வைத்துக்கொண்ட வழி எடுபட்டது.

2008-இல் லிக்டென்ஸ்டைன் 'ப்ளூ' என்று பெயர் வைத்த ஒழுங்குமுறையை வெளியிட்டார். 260 நோயாளிகள். எந்த இடத்தில் வைப்பது, எதைப் பார்த்தால் எந்த வியாதி என்று ஒரு வரைபடம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியான விடை. 2012-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி விதிமுறை எழுதினார்கள். ஒரு இடத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் பி-கோடுகள், இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டிரண்டு இடங்களில் தெரிந்தால்தான் பரவலாக இருக்கிறது என்று கணக்கு. 2015-இல் இத்தாலியில் ஏழு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 1005 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. டாக்டர் முதலில் பரிசோதித்துத் தன் முடிவை எழுதிவிட வேண்டும், பிறகு ஸ்கேன் பார்த்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். இதயம்தான் காரணம் என்று சரியாகப் பிடித்தது முதலில் 85 சதவீதம், ஸ்கேனுக்குப் பிறகு 97 சதவீதம். அந்தப் பன்னிரண்டு சதவீதத்தில்தான் பெரியம்மா இருந்திருப்பார்.

பி-கோடு தெரிந்தாலே இதயம்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நிமோனியாவில் வரும், நுரையீரல் தழும்பேறி இறுகிப்போனாலும் வரும், 2020-இல் கோவிட் வந்தபோது உலகம் முழுக்க ஐசியு-க்களில் இதே கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்தோல் கரடுமுரடாக இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். சிஓபிடி முற்றிக் காற்றுக் குமிழிகள் பெரிதாகிவிட்டால் அந்த வழுக்கல் தெரியாமல் போய் வேறு ஆபத்து மாதிரி ஏமாற்றும். லிக்டென்ஸ்டைனின் 26 பேரில் இரண்டு பேர் தப்பினார்களே, அதை நான் மறக்கவில்லை.

இன்னொரு விஷயமும் பெரியம்மாவுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. தலைப்பில் 'இழுப்பா, இதயமா' என்று போட்டிருக்கிறேனே, அந்தக் கேள்வியே பாதி தப்பு. இரண்டும் சேர்ந்து இருக்கலாம். 2005-இல் நெதர்லாந்தில் சிஓபிடி என்று முத்திரை குத்தப்பட்ட, 65 வயது தாண்டிய 405 பேரை வரவழைத்து முழுசாகப் பரிசோதித்தார்கள். அவசரமாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இல்லை, வீட்டில் இருந்தவர்கள். அதில் 83 பேருக்கு யாருக்குமே தெரியாமல் ஹார்ட் ஃபெயிலியர் இருந்தது. ஐந்தில் ஒருவர். ஒரு முத்திரை விழுந்துவிட்டால் அடுத்து வருகிற மூச்சிரைப்பெல்லாம் அந்தக் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பெரியம்மாவுக்கு பிளட் பிரஷர் பல வருஷமாக இருந்தது, மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். இதயம் அந்தப் பக்கத்தில் சத்தமில்லாமல் தளர்ந்துகொண்டிருந்தது. சீட்டில் 'சிஓபிடி' என்று இருந்ததால் முதல் இரண்டு தடவையும் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "இழுப்புதான், வருஷா வருஷம் வர்றது" என்று டாக்டரிடம் முந்திக்கொண்டு சொன்னதே நான்தான்.

2010 வாக்கில் சட்டைப்பையில் அடங்கும் ஸ்கேன் கருவிகள் வந்துவிட்டன, பிறகு செல்போனில் செருகுவதும் வந்தது. வெளிநாட்டில் வீட்டுக்கு வரும் டாக்டர்கூடக் கொண்டுவருகிறார். நம் ஊரில் அது அவ்வளவு சுலபமில்லை. கருவில் பெண் என்று தெரிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டப்படி, ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும், நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. உசிலம்பட்டி கதை தெரிந்த யாரும் அந்தச் சட்டம் தேவையில்லை என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் எழுபது வயசு கிழவியின் நெஞ்சில் வைக்கிற கருவிக்கும் அதே பூட்டுதான். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகப் போகிற நர்ஸ் கையில் அது இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பெரியம்மா அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். காலையில் நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, இன்ஹேலர், மூன்றும் தவறாமல். கேஸ் அடுப்புக்கு மாறச் சொன்னதற்கு மட்டும் கடைசிவரை முனகிக்கொண்டே இருந்தார், இட்லியில் ருசியே இல்லையாம். முக்கியமாக, இரண்டு தலையணை வைத்து, படுத்துத் தூங்கினார்.